வாயில் விசில் இருக்கும்வரை

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் பார்க்க இரண்டு நல்ல கண்கள் போதாது; இரண்டு கெட்ட காதுகளும் வேண்டும். எனக்குக் கண் மங்கி வருகிறது, காது மட்டும் கெடாமல் கிடக்கிறது. இந்த வேலைக்கு இதைவிட மோசமான உடம்பு வாய்க்காது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கண்ணகியம்மன் கோயில் கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய கொம்புகளை வடம் கட்டி இழுத்த பரம்பரை. ஒரு கொம்பு முறிந்தால் தீர்ந்தது. எவருடையது முறிந்தது என்று குழந்தைக்கும் தெரியும். கூடைப்பந்தில் அப்படி எதுவும் முறிவதில்லை. ஆகவே மத்தியஸ்தரை முறிக்கப் பார்க்கிறார்கள்.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில், ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்து வைத்தார். சனத்தைக் கவனிக்க ஒருவரையும் போட்டிருக்கலாம். மனுஷன் வாவிக்கரைப் பக்கம் வந்ததில்லை, அவரைக் குறை சொல்லி என்ன பயன்.

வந்தவர்கள் வேறு ஆட்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க யேசுசபைக் குருமார் இந்த ஆட்டத்தை ஊர்ப் பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்துவிட்டார்கள். அவர்களில் யூஜின் ஹேபர்ட் அடிகளாரின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அங்கேதான் சங்கடம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் எந்த ஆட்டத்துக்கும் தவறாமல் வந்து, கோட்டை ஒட்டிக் கதிரை போட்டுக்கொள்வார். பொடியன் ஒருவன் பந்தைப் பிடித்து மூன்று தரம் கால் வைத்தால் போதும், "ட்ரவலிங்!" என்று எழும்பிவிடுவார். ஓடிவந்த வேகத்தில் பந்தைப் பிடிக்கும்போது தரையிலிருக்கும் கால் கணக்கில் சேராது, அது பூச்சியம், அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு என்று 2017இல் சர்வதேச சம்மேளனம் விதியைத் தெளிவாக்கிவிட்டது. பெரியவர் பூச்சியத்தை ஒத்துக்கொள்வதில்லை. சொந்தப் பாதிக்குள்ளிருந்து பந்தைக் கொண்டுபோக இருந்த பத்து விநாடி 2000ஆம் ஆண்டில் எட்டானதையும் ஒத்துக்கொள்வதில்லை. நான் எட்டில் ஊதினால், "ரெண்டு விநாடியைக் களவெடுத்துப் போட்டான்கா" என்பார்.

விளக்கம் சொல்லப் போனேன் ஒருநாள். "ஃபாதர் எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரல்ல" என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது? ஃபாதரிடமே கேட்டுத் தீர்க்கலாமென்றால், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூட வந்த இளைஞனோடு காணாமற்போனார். வந்து சேரவேயில்லை. பெரியவர் பத்து விநாடியை ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தெரியும். விளக்கம் சொல்லப் போன அன்றிலிருந்து அவர் கத்தும்போது விசிலைப் பல்லால் கடித்துக்கொள்வேன். விசில் ஊதுவதற்கு என்று நினைப்பவர்கள் புதியவர்கள். அது மத்தியஸ்தரின் வாயை அடைக்கச் செய்த சாமான்.

புதிதாக வரும் தம்பிமாருக்கு இதைத்தான் சொல்வது. கை பட்டதும் ஊதாதே, அரை விநாடி பொறு. பட்ட கையால் பந்துக்காரன் தடுமாறினானா, இல்லை இலேசாக உரசியதைப் பொருட்படுத்தாமல் போய்க் கூடையில் போட்டுவிட்டானா என்று பார். ஆட்டத்தைக் கெடுக்காத உரசலுக்கெல்லாம் ஊதினால் பொழுது பட்டாலும் வீடு போக ஒண்ணாது. தம்பிமார் தலையாட்டுவார்கள். மறுகா முதல் உரசலுக்கே ஊதுவார்கள்.

உபதேசம் பண்ணுகிற என் கவனத்தின் இலட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று, தோலை வறட்டிக்கொண்டு வரும் காற்று. மற்றது, சட்டியில் வறுபடும் கடலை. ஒரு பின்னேரம் முதலாவது கச்சான் இரண்டாவது கச்சானின் வாசத்தை அள்ளிக்கொண்டு நேரே என் மூக்குக்கு வந்தது. கடைசிக் காற்பகுதி, நான்கு புள்ளி வித்தியாசம். மத்தியானமும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு விநாடிதான் திரும்பிப் பார்த்தேன், அதற்குள் பந்து என் கோட்டைத் தாண்டி உருண்டு போனது. யார் கையில் பட்டதென்று சத்தியமாகத் தெரியாது. தெரியாதபோதுதான் மத்தியஸ்தரின் கை மிடுக்காக நீளும். ஊர் அணிக்குப் பந்து என்று காட்டினேன். ஊர்ச்சனம் ஆரவாரித்தது.

சட்டிக்குப் பின்னாலிருந்து ஆச்சி குரல் கொடுத்தா: "இல்ல சேர், அது நம்மட புள்ளட கையில பட்டுத்தான் போனது."

மைதானத்தில் அன்றைக்கு நடுநிலையாக இருந்த ஒரே சீவன். நான் மறுபடி ஊதி, ஆலோசிப்பதுபோல் மற்ற மத்தியஸ்தரிடம் போனேன். "அண்ணன், அது உங்கட கோடு. நான் ஆக்களைப் பார்த்துக்கொண்டு நிண்டன்" என்றார் மெதுவாக. நைஸ்மித்தின் ஏற்பாடுதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு வந்தோம். பந்தை வெளியூர் அணிக்குக் கொடுத்தேன்.

எனக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. பெரியவர் மட்டும் ஏசவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "ஃபாதர்ட காலத்தில கச்சான்காரிய கேட்டு விசில் ஊதல்ல" என்றார். ஊர் அணி எப்படியோ வென்றுவிட்டது. அவருக்கு அது ஒரு பொருட்டேயில்லை.

இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். வாருங்கள், வந்து கத்துங்கள். ட்ரவலிங் என்று கத்துமுன் பூச்சியத்திலிருந்து எண்ணுங்கள். கச்சான் வாங்குவதானால் இடைவேளையில் வாங்குங்கள். சட்டி இருக்கும் பக்கத்து எல்லைக்கோடு என்னுடையது.