தொப்பை போனால் சர்க்கரை போகுமா?

கேள்வி: தொப்பையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கூடவே போய்விடுமா?

பதில்: பர்ஸ் இளைக்கும், அதற்கு மட்டும் உத்தரவாதம் உண்டு. லைப்போசக்‌ஷன் குழாய் எட்டுவது தோலுக்கும் தசைக்கும் நடுவே உள்ள கொழுப்பை. வம்பு செய்கிற கொழுப்போ தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பருமனான 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். 10, 12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் சொல்லத்தக்க மாற்றமில்லை. அதே எடையைச் சாப்பாட்டைக் குறைத்து இழந்தால் இவை இறங்குகின்றன. அப்போது உடம்பு உள்வயிற்று இருப்பிலும் கை வைக்கிறது.

‘15 பேரெல்லாம் ஒரு கணக்கா?’ என்பீர்கள். சின்னக் கணக்குதான். ஆனால் கொலராடோவிலிருந்து 2011-ல் வந்த இன்னொரு ஆய்வும் அதே திசையில்தான் கை காட்டுகிறது: எடுத்த கொழுப்பு ஓராண்டில் திரும்பிவிட்டது. தொடையில் காலி செய்த குடித்தனம், பெரும்பாலும் வயிற்றில் வாடகைக்கு வந்திருந்தது! சரி, ஆரோக்கியம் கிடக்கட்டும், அழகுக்காகச் செய்துகொள்ளக் கூடாதா? தாராளமாக. எடை ஏறக்குறைய சரியாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் சதை அடம்பிடிப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஆனால் ரத்தக்கட்டும் கொழுப்புத் துணுக்கும் நுரையீரலை அடைக்கிற ஆபத்து இதிலும் உண்டு. எனவே தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் போகிறவர்கள், அங்கே மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஈ.எம்.ஐ. வசதியை அப்புறம் விசாரிக்கலாம்.