வாயும் வாக்கும்

கேள்வி: கட்சியே துரத்திய பிறகும் ஓர் அரசியல்வாதி ஜெயிக்க முடியுமா?

பதில்: பிரான்ஸில் ஜோர்ஜ் ஃப்ரெஷ் ஜெயித்தார். தேசியக் கால்பந்து அணியில் கறுப்பினத்தவர் அதிகம் என்று குறைபட்டவரை சோஷலிஸ்ட் கட்சி 2007-இல் நீக்கியது. 2010 பிராந்தியத் தேர்தலில் அவருக்கு எதிராகக் கட்சி நிறுத்திய அணி முதல் சுற்றில் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவரோ இரண்டாம் சுற்றில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி, லாங்க்டாக்-ரூசியோன் பிராந்தியத் தலைவர் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். அப்படியானால் மக்கள் இனவெறிக்கா ஓட்டுப் போட்டார்கள் என்பீர்கள். சிலர் போட்டிருக்கலாம். ஆனால் 1977 முதல் 2004 வரை மோன்பெலியே நகர மேயராக இருந்து, ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்த ஆன்டிகோன் குடியிருப்பையும் டிராம் வண்டியையும் கொண்டுவந்தவர் அவர். ஓட்டு விழுந்தது அந்த வேலைக்கு என்பதே என் கணிப்பு. வேலை செய்தால் மக்கள் எதையும் விழுங்கிவிடுவார்கள் என்பதும் சரியில்லை. பிராந்தியத்துக்கு ‘செப்டிமானி’ என்று பழம்பெயர் சூட்டப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது; மனிதர் பின்வாங்கினார். ரோமானியச் சட்ட வரலாற்றுப் பேராசிரியர் வேறு, பேரரசர்களை அளவுக்கு மீறிப் படித்துவிட்டார் போலும்! சர்ச்சிலுக்கும் லெனினுக்கும் ஒரே சதுக்கத்தில் சிலை வைத்துவிட்டு, 2010 அக்டோபரில் காலமானார்.