‘ரிசீவ்’ பிழையின் வம்சாவளி: துணுக்கியலில் ஒரு முன்னாய்வு

நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுத்த நன்னூலார் நான்காவதாக ஒன்றை விட்டுவிட்டார்: ஒட்டுநூல். அவர்மேல் குற்றமில்லை. 1970-களில் ஸீராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் கூட்டாளிகளும் நகலெடுப்பதையும் ஒட்டுவதையும் திரைக்குள் கொண்டுவரும் வரை அப்படியொரு வகைக்கு வழியே இல்லை. ஒட்டுநூலின் இலக்கணம் எளிது. எழுதியவர் யாரென்று தெரியாது. எடுத்துக்கொண்டவர் படிப்பதில்லை. ஆனாலும் அது ஓடும். மாதக் கடைசியில் சம்பளமும் வரும்.

இப்படி ஒட்டப்படும் நிரல் வரிகளைத் துணுக்கு என்று எழுதுவது ஆய்வாளர்கள் மட்டுமே. ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. “அண்ணா, அந்த டேட் கன்வர்ட் பண்ற கோட் இருக்கா?” “இருக்கு, பிங் பண்றேன்.” இவ்வளவுதான் சடங்கு. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கொடுத்தவருக்குக் குறைவதில்லை, திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. அந்த வீட்டு மோரில் இருந்த புளிப்பு மட்டும் இந்த வீட்டுத் தயிரில் வந்து நிற்கும். இந்தப் புளிப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜில் 1949-ல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு நூலகம்போல் சேர்த்து வைத்திருந்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் நாடாவில் படி எடுத்துக்கொள்வார். 1955-ல் ஐபிஎம் 704 வாங்கியவர்கள் கூடி ‘ஷேர்’ என்றே பெயர் வைத்துச் சங்கம் கண்டார்கள். இத்துறையின் பொற்காலம் 1970-களின் ஆஸ்திரேலியா. சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை மாணவர்களுக்காக மூலம் ஒரு புத்தகம், உரை ஒரு புத்தகம் என்று தொகுத்தார். நம் உரையாசிரியர்கள் பார்த்திருந்தால் உடனே சங்கத்தில் சேர்த்திருப்பார்கள். அடுத்த பதிப்பின் உரிமம் மூலத்தை வகுப்பில் நடத்தக் கூடாது என்றது. அதனால் அந்த நூல் ஜெராக்ஸாகவும், ஜெராக்ஸின் ஜெராக்ஸாகவும் உலகம் சுற்றியது. முறையாக அச்சேறியது 1996-ல். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று இன்ஜினீயரிங் பட்டம் வாங்கிய நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

இனி ஆய்வு முறை. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதும் தெரியாது. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளை வாங்கி ஒப்பிட்டது அதனால்தான். சரியாக இருக்கும் இடத்தை வைத்து எந்த ஏடு எதைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியாது, சரி எல்லோருக்கும் பொது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே தவறு இருந்தால் மட்டுமே உறவு தெரியும். ஐரோப்பாவில் இதற்குக் கார்ல் லாக்மன் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பரீட்சை பேப்பர் திருத்தும் எந்த வாத்தியாருக்கும் இது தெரியும். ‘பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினாயா’ என்ற கேள்வி சரியான விடைக்காக எழுவதே இல்லை.

கணினி உலகில் இதற்கு அரச சான்றுகளே உண்டு. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளைக்குக் கடைசி ஈ கிடையாது. மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது அந்த ஈயைச் சேர்ப்பேன் என்றாராம் கென் தாம்சன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் சர்வரிடம் சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற சொல்லில் ஓர் ஆர் குறைவு. 1996-ல் வெளியான எச்டிடிபி விதியிலேயே அப்படி இருக்கிறது. இன்று நீங்கள் மின்கட்டணம் கட்டும்போதும் அந்த ஆர் இல்லாமல்தான் போகிறது.

எழுத்துப்பிழையாவது பரவாயில்லை. கோப்பின் அளவை மனிதர்களுக்குப் புரியும்படி கேபி, எம்பி என்று காட்ட ஒருவர் 2010-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சில வரி ஜாவா எழுதினார். அங்கிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு அதுவே என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. பெருமையோடு திரும்பிப் பார்த்த ஆசிரியர் அடுத்த ஆண்டு ஒரு தவறைக் கண்டுபிடித்தார். 999,999 பைட் கொடுத்தால் ‘1.0 எம்பி’ என்று சொல்ல வேண்டியது ‘1000.0 கேபி’ என்கிறது. அதற்குள் அது எத்தனையோ வீடுகளில் உறைந்து தயிராகியிருந்தது.

களப்பணிக்கு நான் தேர்ந்துகொண்டது என் ஆபீஸ். எங்கள் கோடில் ‘ரிசீவ்டு டேட்’ என்று ஒரு மாறி உண்டு. சி-க்குப் பின்னால் ஈ, அதற்குப் பின்னால்தான் ஐ என்று பள்ளியில் ஸ்கேலால் சொல்லிக் கொடுத்த இடம். அங்கே ஐ முந்திக்கொண்டிருந்தது. கிரெப் போட்டுத் தேடினேன். மூன்று ப்ராஜெக்டுகள், பதினான்கு இடங்கள், ஒரே பிழை. மேலே ‘டெம்பரரி ஃபிக்ஸ்’ என்ற கமெண்டும் பதினான்கு இடத்திலும் அப்படியே இருந்தது. ஒரே கருவறையில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை.

பாடபேதங்களும் கிடைத்தன. ஓரிடத்தில் ஒற்றை மேற்கோள் குறிகள் வளைந்திருந்தன. அந்தப் பிரதி வேர்டு டாகுமெண்ட் வழியாக வந்திருக்கிறது. கம்பைலர் ஏற்காமல், யாரோ அந்த வரியைக் கமெண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார். இன்னோரிடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ. இது காப்பி-பேஸ்ட் தடுக்கப்பட்ட லேப்டாப்பிலிருந்து செல்போனில் படம் பிடித்துப் பார்த்துத் தட்டிய பிரதி. ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்தெழுதிய கடைசித் தலைமுறை அழிந்துவிட்டது என்று யார் சொன்னது?

செய்முறைக் குறிப்புகளையும் பார்த்தேன், அதிகம் தேறவில்லை. புதிதாகச் சேர்பவருக்கான டாகுமெண்டில் நான்காவது படி ‘பிறகு வழக்கம்போல் செய்யவும்’. ஏழாவது படி, வேலை செய்யாவிட்டால் இவரைக் கேட்கவும் என்று ஒரு பெயரைத் தருகிறது. அவர் கனடா போய் ஆறு வருடமாகிறது. செவிவழி மரபு மட்டும் உயிரோடு இருக்கிறது: “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு.”

மூதாதையைத் தேட ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார் என்று சொல்லும். பெயரே பழி, கண்டுபிடித்தவர் குடும்பஸ்தராக இருக்க வேண்டும். பதினான்கையும் அதில் கொடுத்தேன். பத்து எங்கெங்கோ சுற்றி ஒரே கோப்புக்குப் போயின. அந்தக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் ஒரே ஆள் பெயரில், ஒரே நாளில். ‘இனிஷியல் கமிட்.’ நேரில் போய்க் கேட்டேன்.

“நான் எழுதலப்பா. எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாத்தினப்போ ஹிஸ்டரி வரல. ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டேன், எல்லாம் என் பேர்ல விழுந்துருச்சு. இன்னிக்கு வரைக்கும் எந்த பக் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான்.”

திருப்பணி என்று கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான். ஆய்வு அங்கே முட்டி நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கை சும்மா இருக்கவில்லை, பதினான்கு இடத்திலும் ஐயையும் ஈயையும் இடம் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு இரண்டு மணிக்கு போன். பேட்ச் ஜாப் விழுந்துவிட்டது. டேட்டாபேஸ் டேபிளில் இருந்த நெடுவரிசையின் பெயரும் அதே பிழையோடுதான் இருந்திருக்கிறது. நான் அனுப்பிய சுத்தமான ஆங்கிலம் அதற்குப் புரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பிழையைத் திரும்பப் போட்டேன். ஓடியது.

திங்கட்கிழமை காலை, ஆய்வேட்டை முடிக்கலாம் என்று மறுபடி பிளேம் போட்டுப் பார்த்தேன். மாற்றி, மாற்றியதை மாற்றியதில் பதினான்கு வரிகளும் இப்போது என் பெயரில் இருக்கின்றன. நாள், நேரம் எல்லாம் துல்லியம்: சனிக்கிழமை, அதிகாலை 2.40. மதியம் சாப்பாட்டுக்குப் போகையில் புதிதாகச் சேர்ந்த பெண் பிங் செய்தாள்: “அண்ணா, ரிசீவ்டு டேட் கோட் நீங்கதானே எழுதினது? கொஞ்சம் அனுப்புறீங்களா?”