மாப்ள, நீங்க 31-வது மூவ்ல தோக்கல

தோத்துட்டு வந்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நேரா மாடிக்குப் போயிடாதீங்க மாப்ள. உங்க அத்தை எடுத்து வச்ச அடை ஆறிப்போகுது. நீங்க யார்கிட்ட தோத்தீங்கன்னு மறைக்கவும் வேண்டாம், எனக்குத் தெரியும். மந்தைவெளி கல்யாண மண்டபம், மூணாவது ரவுண்டு, எட்டு வயசுப் பிள்ளை. நாற்காலியில உக்காந்தா கால் தரையில படல, பக்கத்துல மாம்பழ ஜூஸ் பாக்கெட். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல செஸ் போர்டுக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளை வந்து உக்காந்தா, பெரியவங்கதான் எந்திரிச்சு வணக்கம் சொல்லணும். பிரக்ஞானந்தா 2016-ல இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனப்ப வயசு பத்து. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆனப்ப பதினெட்டு. அந்த வயசுல நீங்க இன்ஜினியரிங் கவுன்சிலிங் வரிசையில நின்னுக்கிட்டு இருந்தீங்க.

வெக்கப்பட வேண்டியது வேற இடத்துல இருக்கு. வீட்டுக்கு வந்து என்ன பண்ணினீங்க? ஆட்டத்தை அப்படியே செல்போன்ல ஏத்தி, ஸ்டாக்ஃபிஷ்ங்கிற செஸ் மிஷின் தலையில கட்டிட்டு, சிவப்பா ரெண்டு கேள்விக்குறி விழுந்த இடத்தைத் தேடினீங்க. கிடைச்சுது. 31-வது மூவ். ராணியை ஏ4-க்கு அனுப்பினீங்க, பையனோட குதிரை ஈ2-ல குதிச்சு ராஜாவுக்கு ஒரு செக், அப்படியே சி1-ல நின்ன யானையையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. "ஒரே ஒரு மூவ் மாமா, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னீங்க. சொன்ன கையோட ராத்திரியே புதுசா ஓபனிங் கோர்ஸ் ஒண்ணு காசு குடுத்து வாங்கிட்டீங்க. யானை போனது 31-ல. அதுக்கு ஓபனிங் என்ன பாவம் பண்ணுச்சு?

கோவிச்சுக்காதீங்க. நான் நீடாமங்கலத்துக்காரன். எங்களுக்குப் பக்கத்துல பூவனூர்ல சாமி பேரே சதுரங்க வல்லபநாதர். ஆட்டத்துல யாராலயும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை, சிவபெருமான் வயசான சித்தர் வேஷத்துல வந்து ஜெயிச்சுக் கட்டிக்கிட்டாருன்னு தலபுராணம். அதனால எங்க பக்கம் போர்டு முன்னாடி கிழவன் வந்து உக்காந்தா கொஞ்சம் உஷாராயிடுவாங்க. மயிலாப்பூர்ல அந்தப் பழக்கத்தைக் காணோம். ஒரு டபரா காபியைக் குடுத்து டிவி முன்னாடி உக்கார வச்சிடுறீங்க.

அந்த ஸ்கோர்ஷீட்டை இப்படிக் குடுங்க. போனை அந்தப் பக்கம் வைங்க.

இத்தாலியன்ல ஆரம்பிச்சிருக்கீங்க. நல்ல குடும்பத்து ஓபனிங், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆறாவது மூவ்ல மந்திரியை, பிஷப்புன்னு நீங்க சொல்ற ஆளை, ஜி5-ல நிறுத்தினீங்க. பையன் எச்6-ல ஒரு சிப்பாயைத் தள்ளி, "போறியா, வெட்டுறியா"ன்னு கேட்டான். வெட்டிட்டீங்க. எஃப்6 குதிரை போச்சு, உங்க மந்திரியும் போனாரு. ஏன் வெட்டினீங்கன்னு கேட்டதுக்கு, "வெட்ட முடிஞ்சுது"ன்னு பதில் சொன்னீங்க. கறுப்புக் கட்டத்துக்கெல்லாம் காவல் நிக்க உங்க வீட்டுல இருந்தது அவரு ஒருத்தருதான் மாப்ள.

ஒன்பதாவது மூவ்ல அவனோட மந்திரி ஜி4-ல வந்து உங்க குதிரையைக் கட்டிப் போட்டாரு. உங்களுக்குப் பொறுக்கல. எச்3 போட்டு விரட்டினீங்க, அவரு எச்5-க்குப் போனாரு. அதோட விடலாம்ல? 11-வது மூவ்ல ஜி4. கேஸ்லிங் பண்ணி ராஜாவை உள்ள வச்சுட்டு, அவரு வீட்டு வாசக்கதவையே கழட்டித் தெருவுல வீசிட்டீங்க. மந்திரி ஜி6-க்குப் போய் சௌக்கியமா உக்காந்துட்டாரு. நீங்க விரட்டிட்டேன்னு சந்தோஷமா ஒரு மடக்கு தண்ணி குடிச்சிருப்பீங்க.

இப்ப போர்டைப் பாருங்க. ஈ4-ல ஒரு சிப்பாய், ஜி4-ல ஒரு சிப்பாய். நடுவுல எஃப்4 திறந்து கிடக்கு. அங்க எவன் வந்து குந்தினாலும் உங்க சிப்பாய் எதுவும் இந்த ஜென்மத்துல அவனைத் தொட முடியாது, சிப்பாய்க்குப் பின்னாடி வரத் தெரியாது. தொடக்கூடிய மந்திரியை ஏழாவது மூவ்லயே அனுப்பி வச்சாச்சு. அந்தப் பிள்ளை அவசரப்படல. சி6 குதிரையை டி8, அங்கேருந்து ஈ6, அங்கேருந்து எஃப்4. 17-வது மூவ்ல வந்து சம்மணம் போட்டது, 31 வரைக்கும் எந்திரிக்கல. அந்தக் குதிரை ஈ2-ல குதிச்சிடக் கூடாதுன்னு உங்க ராணி பதினாலு மூவ் அங்கயே காவல் நின்னா. ஒரு தடவை வெளிய போயிட்டு வரலாம்னு கிளம்பினா, கதை முடிஞ்சுது. எங்க ஊர்ல வரப்புல நண்டு வளை போட்டு ராத்திரியோட தண்ணி வடிஞ்சுபோகும். காலையில வயலைப் பாத்துட்டு, ஆத்துல தண்ணி விடலைன்னு பிடபிள்யூடி-காரனைத் திட்டுற ஆளு ஊருக்கு ஒருத்தன் இருப்பான். உங்களைப் பாத்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்துச்சு.

அந்த ஜி4-க்கு மிஷின் ஏன் சிவப்பு அடிக்கலைன்னு கேப்பீங்க. மிஷின் உக்காந்து ஆடினா அந்த ஓட்டையை வச்சுக்கிட்டே நாப்பது மூவ் ஓட்டிடும். அதுக்கு ராணியைக் காவல் நிறுத்துறதுல அலுப்பு வராது, அடை ஞாபகம் வராது. உங்களுக்கு வரும். அதனால மிஷின்கிட்ட கடைசியாப் போங்க. ஆடின அன்னிக்கே, ஞாபகம் சூடா இருக்கிறப்பவே, பென்சில் எடுத்து ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்துலயும் அப்ப என்ன நெனச்சீங்கன்னு எழுதுங்க. உண்மையா எழுதணும், வேலை பாக்குற கம்பெனிக்கு அப்ரைசல் எழுதுற பாணியெல்லாம் இங்க வேண்டாம். "ஒண்ணும் நெனக்கலை"ன்னா அதையே எழுதுங்க. அந்த வரி எத்தனை இடத்துல வருதுன்னு எண்ணிப் பாத்தா உங்களுக்கே தூக்கம் வராது. அப்புறம், கோர்ஸ்ல படிச்சது எந்த மூவோட தீந்துபோச்சுன்னு ஒரு கோடு போடுங்க. போன தடவை காமிச்சீங்களே நாஜ்டோர்ஃப்னு ஒரு ஓபனிங், இருவது மூவ் மனப்பாடம் பண்ணிட்டுப் போனீங்க, எதிர்ல இருந்தவரு நாலாவதுலயே வேற பாதையில போயிட்டாரு. பதினாறு மூவ் பையிலயே இருந்து வாடிப்போச்சு. கோட்டுக்கு அடுத்த ஒரு மூவை மட்டும் புத்தகத்துல பாருங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு மூவ் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்.

இதைவிடச் சுளுவான வழி ஒண்ணு உங்க எதிர்லயே உக்காந்திருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சதும் கை குடுத்துட்டு ஓடி வந்துட்டீங்க. நான் அந்தப் பிள்ளைகிட்ட போய் விசாரிச்சேன். "தாத்தா, அங்கிள் ஜி4 போட்டப்பவே என் குதிரை எங்க போகணும்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா அங்கிள் ரொம்ப நல்லவர், ஒரு தடவைகூட தடுக்கலை"ன்னுச்சு. இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை எந்த கோர்ஸ்லயாவது படிச்சிருக்கீங்களா?

ஆழ்வார்பேட்டைப் பக்கம் ரஷ்யக் கலாச்சார மையம் இருக்கே, அது சோவியத் மையமா இருந்த காலத்துல, 1972-ல, நம்ம நாட்டோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரன் அங்க டால் செஸ் கிளப் ஆரம்பிச்சாரு. ஆனந்த் பொடியனா அங்க வந்து ஆடினவருதான். அப்ப ஏது மிஷின்? ஆட்டம் முடிஞ்சா, ஜெயிச்சவனும் தோத்தவனும் காயைத் திரும்ப அடுக்கி, "இங்க ஏன்டா போனே"ன்னு கேட்டுக்கிட்டாத்தான் உண்டு. இப்ப எல்லாருக்கும் பதில் சட்டைப் பையிலயே இருக்கு. கேள்விதான் இல்ல.

நான் ஏதோ கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டு யோசிச்சுச் சொல்றேன்னு நெனக்காதீங்க. லஸ் முனை பிளாட்பாரத்துல பழைய புத்தகம் ஒண்ணு கிடைச்சுது. மேக்ஸ் யூவ்னு ஹாலந்துக் கணக்கு வாத்தியார், 1935-ல அலெக்கைனைத் தோக்கடிச்சு உலக சாம்பியன் ஆனவரு. அவரும் வால்டர் மெய்டன்னு அமெரிக்காவுல மொழி சொல்லிக்குடுத்த பேராசிரியரும் சேந்து 1963-ல போட்ட "செஸ் மாஸ்டர் வெர்சஸ் செஸ் அமெச்சூர்". பெரிய ஆளும் பெரிய ஆளும் மோதுற ஆட்டத்துல உங்க தப்பு வரவே வராது. அங்க யாரும் காரணமில்லாம ஜி4 போட மாட்டாங்க, போட்டா எப்படி வாங்கிக் கட்டிக்கணும்னும் அங்க பாக்க முடியாது. அதுக்குத்தான் அந்த ரெண்டு பேரும் ஒரு பக்கம் மாஸ்டரையும் இன்னொரு பக்கம் உங்களை மாதிரி ஒருத்தரையும் உக்கார வச்சு, ஒவ்வொரு மூவா பிரிச்சு மேஞ்சிருக்காங்க. நீங்க கார்ல்சன் ஆட்டம்தான் பாப்பேன்னு நிக்கிறீங்க.

சரி, கார்ல்சனுக்கே வருவோம். 2013 நவம்பர்ல தேனாம்பேட்டை ஹயாத்துல ஆனந்தும் அவரும் ஆடினாங்களே, அதுல எந்த மூவ் ஞாபகம் இருக்குன்னு கேட்டா ஊரே ஒன்பதாவது ஆட்டத்தைச் சொல்லும். 28-வது மூவ்ல ஆனந்த் மந்திரியை எஃப்1-க்குக் கொண்டுவராம குதிரையைக் கொண்டுவந்தாரு, அடுத்த மூவ்ல ஆட்டம் ஓவர். ஆனா அதுக்கு முன்னாடியே கார்ல்சன் 5-3. அந்த ரெண்டு புள்ளி எங்கேருந்து வந்துச்சு? அஞ்சாவது, ஆறாவது ஆட்டத்துலேருந்து. பெரிய சத்தம் ஒண்ணும் இல்ல, காயெல்லாம் குறைஞ்ச பிறகு மணிக்கணக்கா இழுத்து இழுத்து வாங்கினது. பின்னாடி இருந்த நெருக்கடி இல்லாட்டி, ஒன்பதாவதுல ஆனந்த் அவ்வளவு வேகமாப் பாய்ஞ்சிருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காதுங்கிறது என் அபிப்பிராயம். சிவப்புக் கேள்விக்குறி அங்கயும் கடைசியிலதான் விழுந்துச்சு.

ரேட்டிங் ஏறியிருக்குன்னு சொல்லுவீங்க. ஏறியிருக்குதான். 2024 மார்ச்ல உலக செஸ் அமைப்பான ஃபிடே குறைஞ்சபட்ச ரேட்டிங்கை 1,400-ன்னு வச்சு, 2,000-க்குக் கீழ இருந்தவங்களை எல்லாம் தூக்கி விட்டுச்சு. 1,200-ல இருந்த நீங்க ஒரே ராத்திரியில 1,520. ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாம 320 புள்ளி. உங்க செஸ் வாழ்க்கையில அதைவிடத் தெளிவா நீங்க ஆடின நாள் இல்ல.

அப்புறம், ஜெயிச்ச ஆட்டத்தோட ஷீட்டையும் கொண்டாங்க. தோத்ததை மட்டும் பிரிச்சுப் பாத்தா பாதிதான் தெரியும். தி.நகர்ல அந்த ரிட்டயர்டு பேங்க் அதிகாரியை ஜெயிச்சதா லட்டு குடுத்தீங்களே, அதை முதல்ல பாக்கலாம். அவரு பாக்கெட்ல போன் அடிச்சுது, நடுவர் வந்து ஆட்டத்தை உங்க பேருக்கு எழுதிட்டாரு. அந்த நேரத்துல அவரோட குதிரை எந்தக் கட்டத்துல நின்னுச்சுன்னு எண்ணிச் சொல்லுங்க மாப்ள. நான் அதுக்குள்ள அடையைச் சூடு பண்ணச் சொல்றேன்.