ஓனரின் பான் நம்பர்

வாடகைக்கு வரிவிலக்கு உண்டா என்று கேட்டால், உண்டு. பழைய வரிமுறையில் இருக்க வேண்டும், சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப்படி இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரர் நல்ல மூடில் இருக்க வேண்டும். எச்.ஆர்.ஏ. இல்லாதவர்களையும் சட்டம் கைவிடவில்லை. அவர்களுக்கென்று ஒரு பிரிவு, மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள விடுகிறது. சென்னையில் அந்தத் தொகைக்கு வீடு காட்டுகிற புரோக்கரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எச்.ஆர்.ஏ. விலக்குக்கு மூன்று கணக்குப் போட வேண்டும். கம்பெனி தரும் எச்.ஆர்.ஏ. ஒன்று. கொடுக்கும் வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது இரண்டு. அடிப்படைச் சம்பளத்தில் பாதி மூன்று. அதுவும் சென்னைவாசிக்குத்தான், கோவை, மதுரைக்காரர்களுக்கு 40 சதவீதம். மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மூன்று கடையில் விலை விசாரித்துவிட்டு ஆக மட்டமானதை வாங்கி வருவது என் மாமனார் வழக்கம். அவரும் மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்தான்.

2024 ஏப்ரலில் எனக்கு அடிப்படைச் சம்பளம் 40,000, எச்.ஆர்.ஏ. 16,000, வாடகை 18,000. மூன்று கணக்கும் முறையே 16,000, 14,000, 20,000 என்று வந்தன. ஆக மாதம் 14,000, வருஷத்துக்கு 1,68,000. இதைக் கேட்டதும் மனைவி பிரிட்ஜை மாற்றிவிடலாம் என்றாள், கூடவே வாஷிங் மெஷினையும். அவ்வளவும் கைக்கு வராது, வருமானத்தில் அவ்வளவுக்கு வரி கிடையாது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் என்று பார்த்தால் மிச்சம் 34,944. வாஷிங் மெஷின் அப்போதே அடிபட்டது.

பிரிட்ஜுக்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரை ஆபீஸில் தர வேண்டும். எங்கள் ஓனர் சட்டம் தெரிந்தவர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தது.

"சார், உங்க பான் நம்பர் வேணும். ஆபீஸ்ல கேக்கறாங்க."

"உங்க ஆபீஸ்ல என் பான் எதுக்குப்பா? நான் அங்க வேலை பாக்கலியே?"

விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசம் எட்டாயிரம்னு ரசீது போட்டுத் தர்றேன், லட்சத்துக்குள்ள அடங்கிடும்" என்றார்.

"மீதி பத்தாயிரம் சார்?"

"அது நமக்குள்ள இருக்கட்டும்."

பொய் ரசீது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டாயிரத்தில் சம்பளத்தின் 10 சதவீதமான நாலாயிரம் போனால் விலக்கு மாதம் நாலாயிரம்தான். வருஷத்துக்கு மிஞ்சுவது 9,984 ரூபாய். தலையாட்டாமல் நின்றேன். "அப்ப ஒண்ணு பண்ணு, பான் தர்றேன். வாடகை இருபதாயிரம்" என்றார். கூடுதல் வாடகை வருஷத்துக்கு 24,000. விலக்கு 16,000 ஆக உயர்வதால் வரியில் மிச்சமாவது 39,936. போக, கையில் 15,936. வாடகையை ஏற்றியதற்காக ஓனருக்கு நன்றி சொன்ன குடித்தனக்காரன் இந்தத் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. தைரியம் சொல்ல வேண்டியது என் கடமையாயிற்று. "வாடகைல சொத்து வரியைக் கழிச்சுட்டு, மீதில 30 சதவீதத்தைப் பராமரிப்புக்குன்னு சட்டமே கழிச்சுக்க விடுது சார்."

"பில்லு காட்டணுமா?"

"வேண்டாம்."

"செலவே பண்ணலைன்னாலும்?"

"பண்ணலைன்னாலும் சார்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பாத்ரூம் சீலிங் ஒழுகுவதையும் காதில் போட்டுவைத்தேன். கீழே நாங்கள் வைத்திருக்கும் பக்கெட் இரண்டு நாளில் நிறைகிறது என்றேன்.

"சட்டமே கேக்கலை, நீ ஏம்பா கேக்கறே?" என்றார்.

பிறகு 2025 பட்ஜெட் வந்தது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்கள். என் வருமானம் அதற்குள் அடக்கம். அடுத்த ஏப்ரலில் தாவிவிட்டேன். அங்கே எச்.ஆர்.ஏ. விலக்கு கிடையாது, ஆகவே ரசீதும் கிடையாது, யாருடைய பானும் தேவையில்லை. வீட்டுக்காரர்களின் 30 சதவீதம் மட்டும் அங்கேயும் பத்திரமாக இருக்கிறது.

மேலே மாடிக்குப் போய், "சார், இனிமே உங்க பான் வேண்டாம். அந்த ரெண்டாயிரத்தைக் குறைச்சுக்கலாமா?" என்றேன்.

"உனக்கு வேண்டாம்ப்பா" என்றார். "அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சே!"