ஏழு நாளில் ஐந்து ஊரா?

கேள்வி: ஏப்ரல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். ஹனோய், ஹாலோங், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் என்று ஏழு நாளுக்கு ஐந்து ஊர் எழுதித் தந்திருக்கிறார் டிராவல்ஸ்காரர். முடியுமா?
(இல்லத்தரசி, செங்கல்பட்டு)

பதில்: போய்வர முடியும், பார்க்க முடியாது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். பயணம் 30 மணி நேரத்தைத் தாண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரம்தானே என்பார் அவர். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, முன்கூட்டியே விமான நிலையம் போய், இறங்கிய ஊரில் அறை கிடைக்கும் வரை காத்திருந்தால் ஒரு பகல் முடிந்துவிடும். குழந்தைகள் இருந்தால் சாயங்காலமும் சேர்த்து.

தங்குவதற்கு இரண்டு ஊர் போதும். ஹனோயில் மூன்று இரவு, ஹோய் ஆனில் மூன்று இரவு. ஹாலோங்கை ஹனோயிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். டா நாங், ஹோய் ஆனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஹோ சி மின் நகரத்தை அடித்துவிடுங்கள். ஹனோயில் இறங்கி, டா நாங்கிலிருந்து ஊர் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். முன்பதிவுத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று தனியாகவே இருக்கும். போன வழியே திரும்பி வரும் அலைச்சல் மிச்சம்.

கேள்வி: அவ்வளவு செலவு செய்து போய், குறைவாகப் பார்த்துவிட்டு வருவதா?
(தொழிற்சாலை ஊழியர், மறைமலைநகர்)

பதில்: ஒரு நாள் மாமல்லபுரத்தில் நின்று, வருகிறவர்களைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முட்டுக்கொடுப்பதுபோல் படம் எடுத்து, சாப்பிட்டதும் புதுச்சேரிக்கு ஓடுகிற வெளிநாட்டுக் குழுக்கள் எத்தனை! அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்தான் யானைக் குட்டிகளும், தவம் செய்கிற பூனையும், அதன் காலடி எலிகளும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வருகிறவருக்கு அந்த ஆழம் தெரியாது. வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. அதற்குப் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு அகழ்ந்தெடுத்த பழைய செங்கல் முருகன் கோயில். அரைநாள் பட்டியலில் அதற்கெல்லாம் இடம் ஏது? ஒரு ராத்திரி தங்கினால் இத்தனையும் பார்த்திருப்பார்களே என்று எனக்கு உண்மையாகவே மனம் அடித்துக்கொள்ளும். நாம் ஹோய் ஆனுக்குப் போய் அதையே செய்ய வேண்டாம்.

கேள்வி: நான் சிற்பி. என் தொழிலுக்கு உறவான இடம் வியட்நாமில் ஏதாவது உண்டா?
(மாமல்லபுரம்)

பதில்: உண்டு, மீ சன். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நான்காம் நூற்றாண்டு தொடங்கி, அந்தப் பகுதியை ஆண்ட சாம் இனத்தவரின் சம்பா மன்னர்கள் பெரும்பாலும் சிவனுக்கு எழுப்பிய கோயில்கள். கட்டடம் செங்கல், சிற்பம் மணற்கல். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த பெரிய கோபுரம் சிதைந்தது. பிற்பாடு நம் இந்தியத் தொல்லியல் துறையினரே போய்ச் சில தொகுதிகளைப் பழுது பார்த்தார்கள். 2020இல் அந்த வேலையின்போது ஒரே கல்லில் செதுக்கிய சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிவந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

டா நாங்கில் 1919இல் திறந்த சாம் சிற்ப அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். அங்கே உள்ள திரா கியூ என்ற ஊரின் பீடத்தில் ஆடும் பெண்களின் இடுப்பு வளைவு இருக்கிறதே, கருங்கல்லில் உளி ஓட்டிய உங்கள் கண்ணுக்கு அது சொல்வது எனக்குச் சொல்லாது. திரும்பி வந்ததும் அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஹோய் ஆன் போகலாமா?
(மாணவி, மதுராந்தகம்)

பதில்: உங்கள் ஏரி நிரம்புகிற அக்டோபர், நவம்பரில்தான் அங்கேயும் மழை கொட்டும். தூ போன் ஆறு பழைய ஊரின் தெருக்களுக்குள் ஏறிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் டச்சுக் கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவன். நெதர்லாந்தோடு பாரிஸ், ரோம் சேர்த்தால் விசாவை எந்த நாட்டில் கேட்பது?
(சதுரங்கப்பட்டினம்)

பதில்: மூன்றும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக வந்தால், முதலில் நுழையும் நாடு. அதனால் எந்த ஊரில் எத்தனை இரவு என்று முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. டிக்கெட்டில் இன்ஷியல் போடலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கழுக்குன்றம்)

பதில்: வேண்டாம் ஐயா. பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்கட்டும். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் திரும்பக் கட்ட வேண்டி வரலாம். காலிக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விமான நிலையத்துக்குக் காரா, ரயிலா?
(செங்கல்பட்டு)

பதில்: பகல் விமானமென்றால் மின்சார ரயில், திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், நீங்கள் வீட்டைப் பூட்ட வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம்.