மாத்தளை பஸ்ஸில் முதற்சொல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

முன்பின் அறியாத இருவர் பஸ்ஸில் அடுத்தடுத்த ஆசனங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை. ஜன்னலோரம் இருப்பவரிடம் மற்றவர் ஜன்னலை மூடச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். இது அற்ப விஷயம் என்று கருதுவோர் ஒருமுறை நனைந்து பார்க்கலாம்.

அறிஞர்கள் எழுத்தை ஆராய்ந்தார்கள், சொல்லை ஆராய்ந்தார்கள், பொருளுக்கும் இலக்கணம் செய்தார்கள். வாய் திறப்பதற்குச் சற்று முன் மனம் படும் பாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறையை ஓரளவு போக்குவதே நம் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

மாத்தளையைத் தெரிவு செய்யக் காரணமுண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி இம்மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. மொழிகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது வீதிக்குத் தார் போடுவதற்கு வெகுகாலம் முன்பே. வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரையில். எழுதிய மொழி பாலி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அழைத்து வரப்பட்ட தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்தார்கள். 1880இல் கண்டியிலிருந்து ரயில் வந்தது. அதற்குச் சிங்களவரும் தோட்டத் தமிழரும் ஒருமனதாக வைத்த பெயர் கோச்சி.

இன்று நகரில் பெரும்பாலும் சிங்களம். ரத்தோட்டை, எல்கடுவ தோட்டங்களில் ஒரு தமிழ். உக்குவளை, வரக்காமுறை முஸ்லிம் வீடுகளில் வாப்பாவும் உம்மாவும் ராத்தாவும் பேசும் இன்னொரு தமிழ். கந்தோர்க் கடதாசிகளில் ஆங்கிலம். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பஸ்.

3. முன்னோர் கருத்து

செய்யுளில் வரும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். பின்வந்த நன்னூலார், திசைச்சொல் தரும் நிலங்களோடு தமிழ் வழங்காத பதினேழு நாடுகளையும் சேர்த்துக்கொண்டார். உரைகாரர்கள் காட்டும் பழம்பாடல் அந்தப் பதினேழையும் அடுக்கும்போது முதலில் சிங்களத்தையும் அடுத்ததாகச் சோனகத்தையும் வைக்கிறது. மாத்தளை பஸ்ஸிலும் அவை இன்றுவரை பக்கத்துப் பக்கத்து ஆசனம்தான். ஆனால் ஜன்னலை மூடச் சொல்வதற்கு எந்த நூலிலும் விதி இல்லை.

4. அடையாளக் கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

ஆளைப் பார்த்து மொழியைக் கணிக்கலாம் என்பது பழைய கொள்கை. பொட்டு இருந்தால் தமிழ், ஒசரிச் சேலை என்றால் சிங்களம், தொப்பி என்றால் முஸ்லிம் தமிழ். இக்கொள்கை களத்தில் நிற்காது. நகரிலுள்ள முத்துமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையத் திருநீறும் பொட்டுமாக ஏறுகிறவர் சிங்கள அம்மையாராக இருக்கலாம். ஒசரி உடுத்தியவர் தமிழ்ப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். கையிலுள்ள பத்திரிகையை நம்பலாம் என்றால், அது மாலுபான் எனும் மீன் பணிஸ் சுற்றிக்கொடுத்த தாளாக இருக்கக் கூடும்.

5. உக்குவளை முரண்

அடையாளம் கைவிட்டதும் மாத்தளையார் எல்லோரும் பொதுவில் சிங்களத்துக்குத் தாவுகிறார்கள். விளைவு பின்வருமாறு:

"வெஸ்ஸ எனவா நே" என்கிறார் ஒருவர். மழை வருது, இல்லையா?

"ஓவ், ஓவ்" என்கிறார் மற்றவர்.

அங்கிருந்து பேச்சு மிளகு விலைக்குப் போகிறது. பிறகு பிள்ளைகளின் ஓ.எல். சோதனைக்கு, பிறகு முழங்கால் வலிக்கு. எல்லாம் சிங்களத்தில். உக்குவளையை நெருங்கும்போது ஒருவருடைய போன் அடிக்கிறது. "அம்மா, இந்தா வந்துகிட்டே இருக்கேன். சோத்தப் போட்டு வைங்க."

மற்றவர் திரும்பிப் பார்க்கிறார். "அட, நீங்க தமிழா?"

"ஆமா. நீங்களுமா?"

இரண்டு தமிழர் அரைமணி நேரம் ஒருவருக்கொருவர் மரியாதை செய்வதாக நினைத்துச் சிங்களம் பேசியிருக்கிறார்கள். இதையே உக்குவளை முரண் என்கிறோம். இதிலும் நுட்பமான ஒரு கிளை உண்டு: உண்மை வெளிப்பட்ட பிறகும், தொடங்கிய முழங்கால் வலியைச் சிங்களத்திலேயே சொல்லி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் முதலிலிருந்து தொடங்கினால் இறங்கும் இடம் வந்துவிடும் என்ற அச்சம் காரணமாகலாம்.

6. மொழிப் பங்கீடு

ஏறியபின் எந்த மொழி எதற்கு என்பதில் குழப்பம் இல்லை. இறங்குவதற்குச் சிங்களம். "கோவில லங்க பஹினவா" என்று தமிழ்ப் பாட்டியும் சொல்கிறார், சிங்கள மாணவனும் சொல்கிறான். அதில் கோவில் தமிழிலிருந்து போனது என்பது இருவருக்கும் பிரச்சினை இல்லை. கொண்டக்டர் கேட்கும் "மாறு சல்லி"யில் மாறும் தமிழ், சல்லியும் தமிழ், கேட்பது சிங்களம், கொடுக்காமல் இருப்பது எல்லா இனத்துக்கும் பொது. கோபம் தாய்மொழியில். சாட்டு ஆங்கிலத்தில்: காலை மிதித்தவர் எந்த இனமானாலும் "சொறி" என்றுதான் சொல்கிறார். வயது ஒத்தவர்களுக்கு மச்சான். இரக்கத்துக்கு "அனே", அதற்கு ஈடாகத் தமிழில் ஒன்றைத் தேடும் அவசியம் இங்கே எவருக்கும் ஏற்படவில்லை.

7. ஒரு மறுப்பு

இத்தனை விளையாட்டாக எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1983 ஜூலையில் இதே நாட்டில் தமிழரைத் தேடிய கும்பல்கள் வீதியில் ஆட்களை மறித்து, முதற்சொல்லைத் தாங்களே தெரிவு செய்தன. வாளிக்குச் சிங்களத்தில் பால்திய. "சொல்லு பார்க்கலாம்" என்றார்கள். தமிழ் நாக்கு முதலெழுத்திலேயே தடுக்கும் என்பது கணக்கு. தடுக்கினால் உயிர் போகும். மாத்தளை நகரும் அந்த ஜூலையில் எரிந்தது. முத்துமாரியம்மன் கோவிலுக்கும் தீ வைக்கப்பட்டது.

பரீட்சைக்கு எடுத்த அந்தச் சொல் சிங்களமே அல்ல. போர்த்துக்கேயரின் பால்டே. அதே கப்பலில் வந்து இறங்கியதுதான் சிங்களத்தின் ஜனேலயவும் தமிழின் ஜன்னலும்.

8. அரசின் முயற்சிகள்

1956இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழி என்று எழுத 1987இன் 13ஆவது திருத்தம் வரை 31 ஆண்டு பிடித்தது. ஆங்கிலத்துக்கு இணைப்பு மொழி என்ற இடமும் அப்போதுதான் கிடைத்தது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 ஆண்டுக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பஸ்ஸில் புதிதாகச் சேரும் கொண்டக்டர் பையனுக்கு அத்தனை அவகாசம் இல்லை. முதல் நாளே "இஸ்ஸரஹாட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று இரு மொழியிலும் ஆட்களை நெரித்தாக வேண்டும். அவனுக்குச் சுற்றறிக்கையும் இல்லை, ஊக்கப்படியும் இல்லை. கந்தோரில் தமிழில் ஒரு படிவம் கேட்டு நின்றவர்கள் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

9. முடிவுகள்

ஒன்று: ஜன்னல் சிக்கல் தீர்ந்தது. "ஜன்னல்" என்று மட்டும் சொல்லிப் புருவத்தை உயர்த்தினால் போதும்; சிங்களவருக்கும் விளங்கும், தமிழருக்கும் விளங்கும், மழை நிற்கும்.

இரண்டு: பெண்களை அழைக்க "அக்கா" எனும் சொல்லே மிகப் பாதுகாப்பானது. அது இரு மொழியிலும் அக்காதான். அறுபது தாண்டியவர்களும் இதை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

மூன்று: முதற்சொல் என்பது எதிரில் இருப்பவர் யார் என்று நாம் போடும் ஊகம். ஊகம் பிழைத்தால் சிரித்துவிட்டு மொழியை மாற்றிக்கொள்ளும் ஊரே நல்ல ஊர். பிழைத்தவரைத் தண்டிக்கும் ஊரில் எத்தனை மொழிகளில் பெயர்ப்பலகை எழுதினாலும் பயனில்லை.

ஆகவே மாத்தளைக்கு வரும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பஸ்ஸில் யாராவது உங்களுக்குத் தப்புத் தமிழில் வழி சொன்னால் இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். அவர் சொன்ன இடத்தில் இறங்குங்கள்.